சுத்துற மேசை

எங்கள் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு வட்டல் இருந்ததில்லை. இதை நான் கவனித்தது 34 வயதில், சென்னையில், ஏ.சி. குளிரில், சீனச் சாப்பாடு போடும் பெரிய ஓட்டல் ஒன்றில். வெள்ளை வெளேரென்று அகலமான பீங்கான் தட்டு ஒன்றை அம்மா முன்னால் வைத்தார்கள். அம்மா அதை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பி அடியில் பார்த்தாள். பிறகு தம்பி பக்கம் நகர்த்தினாள்.

"அவனுக்கு இருக்கும்மா. இது உன்னுது."

"எனக்கெதுக்கு இவ்ளோ பெருசு?"

வீட்டில் அம்மா எதில் சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். குண்டானில் சாப்பிட்டாள். சோறு வடித்த குண்டானில், அடியில் ஒட்டியிருப்பதோடு குழம்பை ஊற்றிப் பிசைந்து, அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்பாவுக்கு விளிம்பு வைத்த பெரிய வட்டல். தம்பிக்குப் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. எனக்கு, தம்பி தட்டு வாங்கியபோது இலவசமாகக் கொடுத்த சின்னத் தட்டு. அம்மாவுக்குக் குண்டான். அது கொடுமை என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, அம்மாவுக்கும்தான். கல்லூரியில் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றியதெல்லாம், எங்கள் வீட்டில் சமையலுக்கென்று தனி மூலைகூடக் கிடையாதே என்பதுதான். இருந்தது ஒரே அறை. அதில் ஒரு பக்கம் அடுப்பு.

மாரமங்கலம் ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு ஊராட்சி. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற சுற்றுலாக்காரர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் வருகிறவர்கள் குறைவு. லேடீஸ் சீட் என்பது மலை விளிம்பில் இருக்கும் பாறை. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் மாலையில் அங்கே உட்கார்ந்து கீழே சேலத்தைப் பார்ப்பார்களாம். பெண்கள் உட்காருவதற்கென்று பெயரோடு ஓர் இடம் எங்கள் மலையில் இருக்கிறது என்றால் அது ஒன்றுதான். அம்மா ஒருநாளும் அங்கே போனதில்லை.

1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு எங்கள் பெண்களின் காலம் காப்பிப் பழத்தின் கணக்கில்தான் ஓடியிருக்கிறது. கார்த்திகை தொடங்கி தை வரை பழம் பறிப்பு. மற்ற நாட்களில் களையெடுப்பு, உரம் வைப்பு, சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகு. அம்மா விடியுமுன் எழுந்து களி கிண்டி, தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போவாள். அந்தி சாய்ந்து வந்து மறுபடி அடுப்பு. ஆண்கள் சாப்பிட்டபின் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின் பெண்கள். மீதி இருந்தால் நாய். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இந்த எண்ணை நான் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குண்டான்தான் ஞாபகம் வரும்.

ஓட்டலுக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம். கண்ணைக் காட்டிவிட்டுப் போகத் தம்பியும் அவன் மனைவியும் குழந்தையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்திருந்தார்கள். எனக்கு அந்த மாதம்தான் பதவி உயர்வு. அலுவலகத்தில் யாருக்காவது நல்லது நடந்தால் எல்லோரும் சேர்ந்து போவது அந்த ஓட்டலுக்குத்தான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய ஓட்டல். முதல் தடவை அங்கே போனபோது மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் என்ன சொல்கிறாளோ அதையே நானும் சொன்னேன். சாப்ஸ்டிக் பிடிக்க, ஹாஸ்டல் அறையில் இரண்டு பென்சிலை வைத்துப் பழகினேன். இதெல்லாம் எனக்கு வந்துவிட்டது என்று அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. அம்மா நிறைவாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எது பெரியது என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

சீனச் சாப்பாடு எங்களுக்குப் புதிதில்லை. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும்போது ஏரி ஓரம் தள்ளுவண்டிகளில் சிவப்புச் சாயம் போட்ட காலிஃபிளவர் பொரியும், நூடுல்ஸ் கிண்டுகிறவன் வடச்சட்டியைத் தட்டும் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அதைச் சீனர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ. இந்தியாவில் இந்தச் சாப்பாட்டின் கதை நீளமானது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தா பக்கம் வந்து குடியேறிய சீனர்களில் தொடங்கி, டாங்ராவில் தோல் பதனிட்ட ஹக்கா குடும்பங்கள் வழியாக வருகிறது அது. ஹக்கா நூடுல்ஸ் என்ற பெயரில் இருக்கும் ஹக்கா அவர்கள்தான். நம் நகரங்களில் ஒருகாலத்தில் பியூட்டி பார்லர் என்றாலே சீனப் பெண்கள் நடத்தியதுதான், சென்னையிலும் அப்படித்தான். 1962இல் சீனாவோடு போர் வந்ததும் அந்த மக்களில் ஏறத்தாழ 3,000 பேரை, பிள்ளை குட்டிகளோடு, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆட்களை அடைத்தோம், சாப்பாட்டை வைத்துக்கொண்டோம். 1994இல் மும்பையில் அஞ்சன் சாட்டர்ஜி 'மெயின்லேண்ட் சைனா'வைத் தொடங்கியபிறகு, வெள்ளை விரிப்பும் மங்கிய விளக்குமாக, ஓர் ஊரில் சாப்பிட்ட அதே ருசியை இன்னோர் ஊரிலும் எதிர்பார்க்கிற கிளை ஓட்டலாக அது வளர்ந்தது. நாங்கள் போனது அதுவல்ல, வேறொன்று. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

எங்களை உட்காரவைத்தது வட்ட மேசையில். நடுவில் கண்ணாடியில் ஒரு சுழலும் தட்டு. குழந்தை அதைக் கண்டதும் பிடித்துச் சுற்றிவிட்டது. தண்ணீர் ஜாடி ஒரு சுற்று வந்து அம்மா முன்னால் நின்றது. அம்மா விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். மறுபடி தள்ளினாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை, ஆபரேஷன் கட்டைப் பிரித்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

"இது நம்ம வூட்டுல இருந்தா நானும் உக்காந்தே இருப்பனே" என்றாள்.

இந்தச் சுழல்தட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு: லேசி சூசன். சோம்பேறி சூசன். யார் அந்தச் சூசன் என்று யாருக்கும் தெரியாது. 1917இலேயே அமெரிக்கப் பத்திரிகை விளம்பரத்தில் இந்தப் பெயர் வந்துவிட்டது. பரிமாறும் வேலைக்காரிக்குப் பதிலாக ஒரு தட்டு, அதற்கு அந்த வேலைக்காரியின் பெயர், பெயருக்கு முன்னால் சோம்பேறி என்ற பட்டம். அதே காலத்தில் சீனாவில் இதை வேறொரு காரணத்துக்காகச் சொன்னவர் வூ லியன்டே என்ற மருத்துவர். பினாங்கில் பிறந்தவர், 1910–11இல் மஞ்சூரியாவில் பரவிய பிளேக்கை அடக்கியவர். எல்லோரும் ஒரே பாத்திரத்தில் தம் தம் குச்சியை விட்டு எடுத்தால் நோய் தொற்றும், சுழலும் தட்டில் பாத்திரத்தையும் தனிக் கரண்டியையும் வையுங்கள் என்று 1915இல் அவர் எழுதினார். சீன மேசையில் இது பரவலானது பிறகுதான். அம்மாவோ இரண்டு காரணத்தையும் அறியாமல், தட்டு சுற்றினால் ஒருத்தி எழுந்திருக்க வேண்டாம் என்ற ஒன்றை ஒரே நொடியில் பிடித்துவிட்டாள்.

ஆனால் அந்த ஓட்டலில் தட்டு சும்மா அழகுக்குத்தான். பரிமாற ஒரு பெண் நின்றாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். கழுத்தை மூடிய சிவப்புப் பட்டுச் சட்டை. அதில் குத்தியிருந்த பெயர் ஒரு பூவின் ஆங்கிலப் பெயர். சூப்பை எடுத்து முதலில் அம்மாவுக்கு ஊற்ற வந்தாள். அங்கே பெண்களுக்குத்தான் முதலில், அதிலும் பெரியவர்களுக்கு முதலில். அம்மா கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "அவனுக்கு ஊத்து கண்ணு." அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி கிண்ணத்தை நீட்டினான். அவன் கெட்டவன் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி இறக்கிக் கூட்டிவந்தவன் அவன்தான். அவனுக்கு அங்கே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூங்கில் கூடையில் டிம்சம் வந்தது. "கொழுக்கட்டை" என்றாள் அம்மா உடனே. ஒன்றை எடுத்துப் புதுக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஓரத்து மடிப்புகளை எண்ணினாள். "எவளோ பொறுமைக்காரி செஞ்சிருக்கா."

"உள்ள எல்லாம் ஆம்பளைங்கதான்மா" என்றாள் அந்தப் பெண், தமிழில்.

அம்மா சிரித்தாள். "காசு குடுத்தா ஆம்பளையும் மடிப்பு வெப்பான்."

தம்பி மனைவி வாயில் வைத்திருந்ததோடு சிரித்துப் புரையேறிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அன்று அந்த மேசையில் ஒழுங்காகச் சாப்பிட்டது அவள் ஒருத்திதான். யாருக்கும் எடுத்துவைக்காமல், யாரிடமும் எதையும் தள்ளாமல், பசிக்குச் சாப்பிட்டாள். நூடுல்ஸ் இரண்டாவது தடவை கேட்டாள். நான் சாப்ஸ்டிக்கில் எடுத்த டிம்சம் இரண்டு தடவை விழுந்து, மூன்றாவது தடவை மடியில் விழுந்தது. அம்மாவை வேடிக்கைப் பொருளாக்கி இதை எழுதிவிடுவேனோ என்று பயந்தேன். அப்படி வேடிக்கை எதுவும் நடக்கவில்லை. அம்மா கையால் எடுத்து அழகாகச் சாப்பிட்டாள். கோமாளி நான்தான்.

மெனுவில் மாப்போ டோஃபு இருந்தது, சிக்கன் மஞ்சூரியன் இருந்தது. இரண்டையும் சொன்னோம். மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் சம்பந்தமில்லை. மும்பையில் நெல்சன் வாங் என்ற கல்கத்தாச் சீனர் 1975இல் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். அவர் பெயர் நிலைத்துவிட்டது. மாப்போ டோஃபுவைச் செய்தவள் 19ஆம் நூற்றாண்டில் செங்டு நகரத்தில் சின்னக் கடை வைத்திருந்த ஒரு பெண். அவள் முகத்தில் அம்மைத் தழும்பு. 'மாப்போ' என்றால் தழும்பு மூஞ்சிக் கிழவி. கணவன் வழியில் சென் என்ற குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்பவர்கள் இல்லை. உலகம் முழுக்க மேசை மேசையாக அவள் தழும்பு பரிமாறப்படுகிறது. அந்த மேசையில் சூசன், அந்தத் தட்டில் மாப்போ, பரிமாறுகிறவள் சட்டையில் யாரோ வைத்த பூப்பெயர். எங்கள் எஸ்டேட்டில் சம்பளப் பட்டியலில் அம்மாவைப் பல வருடம் 'இன்னார் சம்சாரம்' என்றுதான் எழுதினார்கள்.

மாப்போவில் ஒரு வாய் எடுத்த அம்மா நாக்கை நீட்டிக் காற்றில் ஆட்டினாள். "இது மிளகில்லையே. மரத்துப்போவுது." மிளகுக்காரி நாக்கு. அது ஸிச்சுவான் மிளகு, கொடியில் வருவதில்லை, முள் மரத்தில் காய்ப்பது.

"எங்க ஊர்ல இது மாதிரி இருக்கும்மா" என்றாள் அந்தப் பெண்.

"எந்த ஊரு கண்ணு, சீனாவா?"

எனக்குப் பகீரென்றது. அந்தப் பெண் பழகிப்போன சிரிப்பு சிரித்தாள். "இல்லம்மா. மிசோரம். லுங்லேய் பக்கம்."

"அது எங்க?"

"இந்தியாதான்மா. மலை."

"மலையா!" அம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "நாங்களும் மலைதான். குளிரா இருக்குமா? என்னா திம்பீங்க?" சோறு என்றாள் அவள். பன்றிக்கறி. கீரையும் காயும் சேர்த்து எண்ணெய் இல்லாமல் வேகவைப்பார்களாம், அதற்குப் பெயர் பாய். "எண்ணெய் எதுக்கு? நாங்களும் அப்படித்தான்" என்றாள் அம்மா. மேசையில் இருந்ததைக் காட்டி, "அப்ப இதெல்லாம்?" என்று கேட்டாள். "இதெல்லாம் இங்க வந்துதான்மா பார்த்தேன்."

அவளைச் சீனாக்காரி என்று நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த முகத்தை வேலைக்கு எடுத்து, அந்தச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். தெருவில் இறங்கினால் அதே முகத்துக்காக அவளைச் 'சீனா' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். 2012 ஆகஸ்டில் நான் சென்னைக்கு வந்த புதிது. வடகிழக்கு ஆட்களைத் தாக்கப்போகிறார்கள் என்று செல்போனில் வதந்தி பரவி, பெங்களூரிலும் புனேயிலும் சென்னையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் குவஹாத்தி ரயிலுக்கு ஓடினார்கள். எங்கள் ஹாஸ்டலில் மூன்று மணிப்பூர்ப் பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். ஒருத்தி தன் பக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

எனக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. நாங்கள் பழங்குடியினர். சாதிச் சான்றிதழில் எங்கள் பெயர் 'மலையாளி'. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் நாங்கள், 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து, பெரியவன் சேர்வராயன் மலைக்கும் மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது எங்கள் கதை. அந்தக் கதையில் அண்ணன் தம்பிக்கெல்லாம் இடம் உண்டு. கூட வந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், கதை சொல்லும் பெரியவர்கள் வெற்றிலையை மடிப்பார்கள். அது இருக்கட்டும். கல்லூரியில் சேர்ந்தபோதும் வேலையில் சேர்ந்தபோதும் சான்றிதழைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்டது, "கேரளாவா? ஓணம் உண்டா?" முதலில் விளக்கினேன். பிறகு, பழங்குடி என்று சொன்னதும் மாறுகிற முகங்களைப் பார்த்துவிட்டு, சில இடங்களில் "ஆமா" என்று சொல்லத் தொடங்கினேன். அந்தப் பூப்பெயரைப் போல அதுவும் நான் போட்டுக்கொண்ட ஒரு சட்டைதான், ஆனால் எனக்கு அதை யாரும் போட்டுவிடவில்லை.

சாதம் வந்தது. அம்மாவின் தட்டு பாதிகூடக் காலியாகவில்லை.

"நீ சாப்ட்டியா கண்ணு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"முடிச்சுட்டு சாப்பிடுவேன்மா."

"எப்ப முடியும்?"

"பதினொன்றரை ஆகும்."

அப்போது மணி ஒன்பது. அம்மா எங்கள் மேசையில் காலியாக இருந்த ஆறாவது நாற்காலியை இழுத்தாள். "உக்காரு. ரெண்டு வாய் தின்னுட்டுப் போ. இவ்ளோ கெடக்குதே." இழுத்தது மட்டுமில்லை, தன் தட்டை, அந்தப் பெரிய வெள்ளைத் தட்டை, சுழல்தட்டின் மேல் வைத்து அந்த நாற்காலிக்கு நேராகத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணின் கை ஒரு நொடி நாற்காலி முதுகைத் தொட்டது. உடனே எடுத்துக்கொண்டு, தூரத்தில் கோட் போட்டு நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் அதற்குள் வந்துவிட்டார். என்னிடம் ஆங்கிலத்தில், ஏதாவது பிரச்சினையா மேடம் என்றார்.

"நோ, நோ" என்றேன். பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவிடம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "மானத்த வாங்காதம்மா. பேசாம சாப்பிடு."

அம்மா பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. அந்தப் பெண் சுவரோரம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

வேலை செய்யும் இடத்தில் உட்காருவது உரிமை என்று நம் பக்கத்தில் முதலில் சொன்னவர்கள் பெண்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருவின் கடைகளில் நாள் முழுக்க நின்றவர்கள், கழிப்பறைக்குப் போகவும் வழியில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள். விஜி என்ற தையல்காரப் பெண்ணும் தோழிகளும் 'பெண்கூட்டு' என்று திரண்டு போராடினார்கள். கேரளத்தில் 2018இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று. இது எனக்குத் தெரியும். செய்தி வந்த அன்று முகநூலில் பகிர்ந்திருக்கிறேன், நாலு வரி எழுதி, இதயக் குறியெல்லாம் வாங்கியிருக்கிறேன். சட்டம் எதுவும் தெரியாத அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டாள். மானம் போகிறது என்று நினைத்தவள் நான்.

மாரமங்கலத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், "சாப்ட்டியா?" என்று கேட்டபிறகுதான் வேறு பேச்சு. சாப்பிடாத ஒருத்தியை எதிரில் நிற்கவைத்துவிட்டு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சாப்பிட்டே பழகிய பெண்ணுக்கு, கடைசியில் சாப்பிடப்போகிறவளை அடையாளம் தெரிந்துவிட்டது.

ஆனால் அம்மா செய்ததை அப்படியே புகழவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கலாம். அம்மாவின் அன்பு அவளுக்கு ஒரு தொல்லையாகவும் இருந்திருக்கும். அதே அம்மா, தன் மருமகள் இரண்டாவது தடவை நூடுல்ஸ் கேட்டபோது முகம் சுளித்ததையும் நான் பார்த்தேன். ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு நாற்காலி, வீட்டுப் பெண்ணுக்குக் குண்டான்.

பில் 4,620 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து. அம்மா கடைசியாக எஸ்டேட்டில் வாங்கிய நாள் கூலி 350. பதிமூன்று நாளுக்கும் மேல் ஆகிறது. "எவ்ளோ ஆச்சு?" என்றாள். "தொள்ளாயிரம்மா" என்றேன். அதற்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரியும் இருந்தது. அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று 2022லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. இது உங்களுக்கு வருமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளைச் சீனாவா என்று கேட்டபோது சிரித்த அதே சிரிப்பு. தனியாக இருநூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மீதிச் சாதத்தை டப்பாவில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து எதுவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

ஆட்டோவில் வெகுநேரம் கழித்து அம்மா பேசினாள்.

"அந்தப் புள்ள காலு வீங்கியிருந்துச்சு. பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன், யாருடைய காலையும் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கண் தெரிய ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. "தூக்கம் வருதாம்மா?" என்றுதான் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் என்று மறுபடி அங்கே போனோம். அதே சிவப்புச் சட்டை, அதே பூப்பெயர், உள்ளே வேறு ஒரு பெண். முன்னால் இருந்தவள் எங்கே என்று கேட்டேன். வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பிவிட்டார்களாம், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியவில்லை. போனில் அம்மா, "அந்தப் புள்ளயப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்மா. சாப்ட்டேன்னு சொல்லச் சொன்னா."

"கால் வீக்கம்?"

"கொறஞ்சிருச்சு."

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மரத்தில் செய்த ஒரு சுழல்தட்டை ஆன்லைனில் வாங்கிக் கொண்டுபோனேன். மன்னிப்புக்குப் பதிலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அம்மாவுக்கு ஒரு வட்டல், பேர் வெட்டியது. கடைக்காரர் 'அம்மா' என்று வெட்டவா என்றார். இல்லை என்று சொல்லி, அவள் பெயரைச் சொல்லி வெட்டவைத்தேன். எங்கள் வீட்டில் மேசை கிடையாது. தரையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். குழந்தைக்குப் பைத்தியம் பிடித்ததுபோல ஆகிவிட்டது. சோறு ஒரு சுற்று, மொச்சைக் குழம்பு ஒரு சுற்று, பறங்கிக்காய் ஒரு சுற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அம்மா புது வட்டலில் இருந்த தன் பெயரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மூன்று வாய் சாப்பிட்டிருப்பாள், எழுந்தாள்.

"எங்கம்மா?"

"கொழம்பு தீர்ந்துடுச்சு. தட்டு சுத்தும், அடுப்பு சுத்துமா?"

தம்பி மனைவி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்காரவைத்தாள். தம்பியைப் பார்த்து, "ஏங்க, நீங்க போய் எடுத்தாங்க" என்றாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சுழல்தட்டைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தை தட்டை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் எழுந்து போனான். அடுப்புப் பக்கத்தில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"கரண்டி எங்க இருக்குது?"

அம்மா மறுபடி எழப்போனாள். தம்பி மனைவி அவள் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, வாயில் சோற்றோடு சொன்னாள்:

"அங்கதான் அத்தை இருக்கும். தேடட்டும்."